பொத்தானை அழுத்தும் முன்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் பொழுதுபோக்காகப் பேச உரிமம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "என்ன ரேடியோ வாங்கினீர்கள்?" இதுவரை என்ன கேட்டீர்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. எனக்கு வழிகாட்டிய மூத்த ஹாம் ஒருவர் மட்டும் அதைத்தான் முதலில் விசாரித்தார். "எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசைப் பகுதியில், எந்த நேரத்தில் எந்தத் திசைக் குரல் வருகிறது என்று தெரியுமா தம்பி?" தெரியாது என்றேன். "அப்படியானால் பணம் அப்படியே இருக்கட்டும். இப்போதைக்குக் காதை மட்டும் செலவழியுங்கள்" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. உரிமம் வாங்கியவனைப் பேசாதே என்றால் வேறெப்படி இருக்கும்?

தேர்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓம் விதி, ஒத்ததிர்வு, அலைநீளக் கணக்கு, அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகள், பேசக்கூடாத விஷயங்கள். பாடத்திட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஒழுங்காக உட்கார்ந்து படிப்பவருக்கு எங்கேயும் அது பெரிய மலையல்ல. மோர்ஸ் பயம் இருந்தால் அதையும் விட்டுவிடலாம். 30 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிபரப்ப மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயம் 2003இல் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டோடு போய்விட்டது. அதன் பிறகு பெரும்பாலான நாடுகள் அந்தத் தேர்வைக் கைவிட்டன. ஆனால் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்போது நுழைவது, என்ன சொல்லி நுழைவது என்பதை எந்தத் தேர்வும் சொல்லித்தருவதில்லை. அது கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும்.

கேட்பதற்கு ரேடியோகூட வேண்டாம் என்பது எனக்கு முதல் வியப்பு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு வெப்எஸ்டிஆர் இயங்குகிறது. அங்குள்ள ஆன்டெனாவில் விழும் சிற்றலைகளை இணைய உலாவி வழியாக யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; ஒரே நேரத்தில் பல நூறு பேர் ஆளுக்கொரு அலைவரிசையைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சல் இல்லை. இதுபோன்ற ரிசீவர்கள் பல நாடுகளில் இருக்கின்றன. ஹாம் பேச்சை வெறுமனே கேட்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் தேவையில்லை. ஆகவே தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம். நான் இரவில் பாடப் புத்தகத்தை மூடியதும் இதைத் திறந்துவிடுவேன்.

முதல்முறை கேட்பவருக்கு அது மனிதப் பேச்சாகவே தோன்றாது. தொண்டை கட்டிய வாத்து கத்துவதுபோல இருக்கும். சிற்றலையில் ஹாம்கள் பேசுவது பெரும்பாலும் எஸ்எஸ்பி முறையில். குரலைச் சுமக்கும் ஊர்தி அலையையும், அதன் இருபுறமும் குரல் பதியும் இரண்டு பக்கப்பட்டைகளில் ஒன்றையும் நீக்கிவிட்டு மிச்சமிருக்கும் ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்புவது அது. நீக்கிய ஊர்தி அலையை ரிசீவர் தானே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது கொஞ்சம் இடம் தவறினாலும் குரல் கீச்சிடும், அல்லது பாதாளத்துக்குப் போகும். 10 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே மேல் பக்கப்பட்டை, கீழே கீழ்ப் பக்கப்பட்டை என்பது ஹாம்களின் வழக்கம். 60 மீட்டர் பேண்ட் (சுமார் 5 மெகா ஹெர்ட்ஸ்) மட்டும் விதிவிலக்கு. 14 மெகா ஹெர்ட்ஸில் கீச்சுக்குரல் கேட்டால் அலைவரிசையை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். குரல் படிப்படியாக இறங்கி, ஓரிடத்தில் சட்டென்று ஒரு மனிதர் பேசத் தொடங்குவார். 7 மெகா ஹெர்ட்ஸில் இதற்கு நேர்மாறு, இறக்கிக்கொண்டே போக வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, விரல் தானாகச் செய்வது வேறு. ஒரு குரலைக் கண்ணை மூடிக்கொண்டு இயல்பாக்கத் தெரிந்த பிறகுதான் அது யார், எங்கிருந்து பேசுகிறார் என்று கவனிக்கவே மனம் ஓய்ந்தது.

அதன் பிறகு கேட்பதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. பகலில் 7 மெகா ஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்துக் குரல்கள்தான் வரும். இருட்டியதும் அதே இடம் கண்டங்களால் நிறையும். 14 மெகா ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ளவையும் பகலில் விழித்திருக்கும். வானில் சுமார் 60 கிலோ மீட்டரிலிருந்து 90 கிலோ மீட்டர் உயரம் வரையுள்ள டி அடுக்கு, சூரியன் இருக்கும்வரை தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிக்கொண்டிருக்கும். அந்தி சாய்ந்ததும் அது கரைந்துவிடும். அலைகள் அதற்கும் மேலே, 200 கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள எஃப் அடுக்கு வரை ஏறித் திரும்பி வரும். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த வரிகள்தான் இவை. மாலையில் 7 மெகா ஹெர்ட்ஸில் உட்கார்ந்து, அருகிலுள்ளவர்களின் பேச்சு மங்க மங்க அதன் அடியிலிருந்து அந்நிய மொழி ஒன்று மேலெழுவதைக் கேட்ட நாளில்தான் அவை எனக்குப் பொருளோடு விளங்கின.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுக்கும் எண் 14.100 மெகா ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை. வட கலிஃபோர்னியாவின் டிஎக்ஸ் அறக்கட்டளையும் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியமும் சேர்ந்து நிறுவிய கலங்கரை நிலையங்கள் அங்கே முறை வைத்து ஒலிக்கின்றன. உலகெங்கும் 18 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. 3 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தன் முறை வந்ததும் நிலையம் தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியை மோர்ஸில் தட்டும், பிறகு ஒரு விநாடி நீளமுள்ள நான்கு கோடுகளை அனுப்பும். அழைப்புக்குறியும் முதல் கோடும் 100 வாட். இரண்டாவது கோடு 10 வாட். மூன்றாவது 1 வாட். நான்காவது வாட்டில் பத்தில் ஒரு பங்கு.

மோர்ஸ் தெரியாதபோதும் இதைக் கேட்கலாம், ஏனென்றால் எந்த விநாடியில் எந்த நிலையம் என்பது முன்கூட்டியே அட்டவணையில் இருக்கிறது. கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தால் போதும். ஒரு நாள் பிற்பகலில் கெட்டியான முதல் கோடு கேட்டது. இரண்டாவது கொஞ்சம் மெலிந்தது. மூன்றாவதற்குக் காதைத் தீட்ட வேண்டியிருந்தது. நான்காவது, இரைச்சலுக்குள் ஒரு நூல் இழுத்ததுபோல இருந்தது. அடுத்த சுற்றுக்காக 3 நிமிடம் காத்திருந்து மறுபடி கேட்டுத்தான் அது கற்பனையில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். வாட்டில் பத்தில் ஒரு பங்கு! டார்ச் விளக்குக்குக்கூடப் போதாத சக்தி கடல் கடந்து வந்திருந்தது. "சக்தி கூடிய ரேடியோ வாங்கினால்தான் தூரம் போகும்" என்று யாராவது என்னிடம் சொன்னால் இன்றைக்கும் 14.100ஐத்தான் பதிலாகச் சொல்கிறேன். சில நிலையங்கள் பழுதாகி ஓய்ந்திருக்கும். அட்டவணையிலுள்ள எல்லாவற்றையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது கையடக்க ரேடியோ. அதில் தவறில்லை, ஆனால் அதிலிருந்து என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்து வாங்க வேண்டும். அதில் பேசும் 2 மீட்டர் பேண்ட் (சுமார் 145 மெகா ஹெர்ட்ஸ்) அலைகள் பெரும்பாலும் கண்ணுக்கெட்டிய தூரம்தான் போகும். உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் அது உங்கள் பேச்சை வாங்கி உரக்கத் திருப்பி ஒலிபரப்பும். அதற்கு மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும்: ரிப்பீட்டர் ஒலிபரப்பும் அலைவரிசை, அது கேட்கும் அலைவரிசைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, பேச்சுக்கு அடியில் ஓடும் ஒரு தாழ்ந்த தொனி. இடைவெளி 2 மீட்டரில் பல நாடுகளில் 600 கிலோ ஹெர்ட்ஸ். தொனி சரியாக இல்லையென்றால் ரிப்பீட்டர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லோரும் பேசுவது நன்றாகக் கேட்கிறது, நான் கூப்பிட்டால் மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை என்று மனம் நொந்து போகும் புதியவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோருக்குத் தொனியைச் சரிபார்த்தாலே போதும்.

பேசுவதற்கு முன் ரிப்பீட்டரில் நடப்பதைச் சில வாரங்கள் கேட்டிருந்தது அங்கேதான் கைகொடுத்தது. சிற்றலையில்போல "சிக்யூ, சிக்யூ" என்று, அதாவது யாராவது பேச வாருங்கள் என்று, அங்கே யாரும் முழங்குவதில்லை. அழைப்புக்குறியைச் சொல்லி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பார்கள், அவ்வளவுதான். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே பாய்வதில்லை, ஓரிரு விநாடி விடுகிறார்கள். அவசரச் செய்தி வைத்திருப்பவர் நுழைவதற்கான இடம் அது. பொத்தானை அழுத்திய கணமே பேசத் தொடங்கினால் முதல் அசை வெட்டுப்படும். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே சாய்த்துப் பிடித்தால் மூச்சுக்காற்று இரையாது. இவை எதையும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டதுதான்.

இருந்தாலும் முதல் நாள் கை வியர்த்தது. வாரந்தோறும் குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் பலர் கூடும் நெட் அது. நடத்துபவர் வருகைகளைக் குறித்துக்கொண்டு, "வேறு யாராவது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தம் எவ்வளவு நீளமானது என்று வெளியிலிருந்து கேட்பவருக்குத் தெரியாது. எதிரே ஒரு தாளில் என் அழைப்புக்குறியை ஆல்ஃபா, பிராவோ பாணியில் முழுச் சொற்களாக எழுதி, அதன் கீழே பெயர், ஊர் இரண்டையும் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள் மூத்தவரின் யோசனை. "உங்கள் பெயர்கூட மறந்துபோகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னபோது சிரித்தேன். பொத்தானை அழுத்தியதும் தாளைப் பார்த்துத்தான் படித்தேன். "புதிய குரல், வாருங்கள், இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பொறுமை எல்லா நெட்டிலும் கிடைக்காது. கேட்டுப் பார்த்து, புதியவர்களை அதட்டாத நெட்டாகத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது.

சிற்றலைக்கு வருவோம். இங்கே பணம் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு அசைக்க முடியாத கருத்து இருக்கிறது: ரேடியோ பழையதாக இருக்கட்டும், ஆன்டெனாவில் நேரத்தைக் கொட்டுங்கள். 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையே 13 டெசிபெல் வித்தியாசம்; எதிர்முனையின் சிக்னல் மீட்டரில் ஒரு படி 6 டெசிபெல் என்பதால் அது இரண்டு படிக்குச் சற்றே கூடுதல். மோசமாகக் கட்டிய ஆன்டெனா அதைவிட அதிகமாகத் தின்றுவிடும். அதோடு, சக்தி கூடினால் உங்கள் பேச்சு மட்டும்தான் உரக்கப் போகும்; நல்ல ஆன்டெனாவில் அடுத்தவர் பேச்சும் உங்களுக்கு நன்றாகக் கேட்கும்.

நான் கட்டியது எல்லோரும் கட்டும் டைபோல். மெகா ஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் 143ஐ வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.15க்கு ஏறக்குறைய 10.1 மீட்டர், நடுவில் கேபிள், இருபுறமும் பாதிப் பாதி. ஆனால் அந்த அளவுக்கு வெட்டாதீர்கள். உயரம், கம்பியின் உறை, பக்கத்திலுள்ள சுவர் எல்லாமே ஒத்ததிர்வை இழுக்கும். கொஞ்சம் நீளமாக விட்டு, தூக்கிக் கட்டி, அளந்து பாருங்கள். 10.3 மீட்டர் கம்பி 13.9இல் ஒத்ததிர்கிறது, உங்களுக்கு வேண்டியது 14.15 என்றால், 10.3ஐ 13.9ஆல் பெருக்கி 14.15ஆல் வகுத்தால் 10.12 வரும். ஆக இருபுறமும் சுமார் 9 சென்டிமீட்டர் குறைய வேண்டும். அதையும் வெட்ட வேண்டியதில்லை. நுனியை மடித்துக் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டால் குறைத்தது மாதிரிதான். இன்னும் தாழ்ந்த அலைவரிசை வேண்டுமென்றால் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். வெட்டிய கம்பி வளராது.

நிலை அலை விகிதம் என்னும் எஸ்டபிள்யூஆரை ஒரு தெய்வமாக்கி வைத்திருக்கிறார்கள். 1.5 என்றால் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தி 4 சதவீதம். 2 என்றால் 11 சதவீதம். இதற்காக மொட்டை மாடிக்கும் மேசைக்கும் நாளெல்லாம் நடப்பது வீண். விகிதம் ஒன்றாக இருப்பதாலேயே ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. சக்தியை முழுக்கச் சூடாக்கி வீணடிக்கும் டம்மி லோடுக்கும் விகிதம் ஒன்றுதான். நீளமான, மெலிந்த கோஆக்சியல் கேபிளும் இந்தப் பொய்யைச் சொல்லும். போகும் வழியில் பாதி, திரும்பும் வழியில் பாதி என்று அது தின்றுவிடுவதால் மீட்டரில் அழகான எண் தெரியும். 2 மீட்டர் பேண்டில் 30 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிள் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும். அங்கே தடித்த கேபிள் அவசியம். வெளியே இருக்கும் இணைப்பை, இழுத்தால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றி மூடுங்கள். கேபிளுக்குள் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் அந்தக் கேபிள் அவ்வளவுதான்.

மின்கம்பிகளைப் பற்றி ஒரே வார்த்தை: ஆன்டெனா அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும், ஏற்றும்போது எந்தப் பக்கம் சாய்ந்தாலும், மின்கம்பியைத் தொட முடியாத இடமாக இருக்க வேண்டும். அப்படி இடமில்லையென்றால் அங்கே கட்டாதீர்கள். இடி மின்னல் வரும் நாளில் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

ஆன்டெனா ஏறியதும் ரேடியோவை முடுக்கினால் எனக்குக் கேட்டது இரைச்சல்தான். சிக்னல் மீட்டர் முள் பாதி வழியில் நின்றது. வெப்எஸ்டிஆரில் தெளிவாகக் கேட்ட நிலையம் என் ரேடியோவில் இல்லவே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டிராவிட்டால் பேண்டே செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருப்பேன். ரேடியோவை பேட்டரிக்கு மாற்றிவிட்டு, வீட்டு மின்சாரத்தை ஒவ்வொரு பிரிவாக அணைத்தேன். கூடத்து எல்ஈடி விளக்குப் பிரிவு அணைந்ததும் முள் ஒரு படி இறங்கியது. கடைசியில் ஒரு சார்ஜர் தொகுதியைப் பிடுங்கியதும் விழுந்ததே பார்க்க வேண்டும், அடுத்த அறையிலிருந்தவர்கள் "என்ன ஆயிற்று, ஏன் சத்தம் நின்றது?" என்று எட்டிப் பார்த்தார்கள். மின்சாரத்தை வேகமாக அணைத்தும் ஏற்றியும் மாற்றும் மலிவான சாதனங்கள் எல்லாமே குட்டி ஒலிபரப்பிகள். சிலவற்றை மாற்றினேன், சிலவற்றின் கம்பியை ஃபெரைட் வளையத்தில் பலமுறை சுற்றிவிட்டேன். ஒரே சுற்றுக்குப் பலன் குறைவு, சுற்றுகள் கூடக் கூடப் பலன் பல மடங்கு ஏறும். ரேடியோவுக்குச் செலவழிக்கும் முன் வீட்டில் இந்த ஒரு மணி நேர வேட்டையை நடத்திவிடுங்கள்.

சிற்றலையில் முதல் தொடர்புக்குப் போட்டி நாள் உகந்தது என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். இவ்வளவு கூச்சலில் புதியவன் எங்கே நுழைவான்? அங்கேதான் எளிது. அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் சிக்யூ உலகப் போட்டியில் 48 மணி நேரமும் உலகம் முழுவதும் புள்ளிகளுக்காக அலையும். உங்களை யாரென்று தெரியாவிட்டாலும் உங்கள் அழைப்பு அவர்களுக்கு வேண்டும். சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: சிக்னல் அறிக்கை, உங்கள் மண்டல எண். உலகை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நிலையத்தைப் பிடித்து, அது மற்றவர்களோடு எப்படிப் பேசுகிறது என்று ஓரிரு சுற்று கேளுங்கள். அதன் அழைப்புக்குறியைத் தாளில் எழுதுங்கள். அது நிறுத்தும்போது உங்கள் அழைப்புக்குறியை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். உங்கள் குறியோடு "59" என்று பதில் வந்தால் நீங்களும் "59" சொல்லி மண்டல எண்ணைச் சொல்லுங்கள். பத்து விநாடியில் முடிந்துவிடும். சிக்னல் அறிக்கையில் முதல் எண் தெளிவு, 5 வரை. இரண்டாவது வலிமை, 9 வரை. போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் 59 கொடுப்பார்கள். என் அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தட்டுத்தடுமாறி எழுதிக்கொண்ட ஒருவரும் "நீங்கள் 59" என்றுதான் முடித்தார். அதை நம்பி ஆன்டெனாவைப் பற்றிப் பெருமைப்பட வேண்டாம்.

அரிய தீவிலிருந்து ஒருவர் ஒலிபரப்பும்போது கூடும் நெரிசல் வேறு ரகம். அங்கே அவர் பேசும் இடத்தில் அவரைக் கூப்பிடக்கூடாது. "அப் 5" என்றால் 5 கிலோ ஹெர்ட்ஸ் மேலே கேட்கிறேன் என்று பொருள். அதைக் கவனிக்காமல் அவர் மீதே ஏறிக் கத்துபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களைத் திட்டுவதற்காக அதே இடத்தில் கத்துபவர்கள் அவர்களைவிடத் தொல்லை. ரேடியோவில் இரண்டு அலைவரிசைகளைத் தனித்தனியே வைக்கும் வசதியை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள், நெரிசலில் வைத்துக் கையேட்டைப் புரட்டாதீர்கள். அவர் கடைசியாகப் பதில் சொன்ன ஆள் எங்கே கூப்பிட்டார் என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த இடத்தில் கூப்பிடுங்கள். நெரிசலில் குரல் வளத்தைவிட இந்தத் தேடல்தான் உதவுகிறது. வெறுமையாகத் தோன்றும் அலைவரிசையில் பேசத் தொடங்கும் முன் "இந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். உங்களுக்குக் கேட்காத மறுமுனை ஒன்று அங்கே இருக்கக்கூடும்.

எஃப்டி8 பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். இயற்பியலுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃப்ராங்க் என்பவரோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட கணினிவழித் தொடர்பு முறை அது. 15 விநாடிக்கு ஒரு செய்தி. காதுக்கே எட்டாத சிக்னலைக்கூடக் கணினி படித்துவிடும். 14.074இல் எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள். கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதுதான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம். எனக்கு அது தொடர்பு முறையாக ருசிக்கவில்லை, அறிக்கைகளைப் பரிமாறிக்கொண்டதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஆன்டெனாவைச் சோதிக்க அதைப்போல வேறெதுவும் இல்லை. சில நிமிடம் அழைத்துவிட்டு பிஎஸ்கே ரிப்போர்ட்டர் என்னும் இணைய வரைபடத்தைத் திறந்தால் உங்களை எந்தெந்த ஊர் கேட்டது என்று தெரிந்துவிடும். ஒலிபரப்பாமல் கேட்டாலும் பலனுண்டு: எந்தத் திசை திறந்திருக்கிறது என்பதைத் திரை காட்டிவிடும், பிறகு பேச்சுப் பகுதிக்குப் போகலாம்.

மோர்ஸ் கற்கிறேன், மெதுவாக. புள்ளி கோடு அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்யாமல், கோக் முறையில், முழு வேகத்தில் இரண்டு எழுத்துகளில் தொடங்கி, தேறத் தேற ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வதுதான் சரியென்று பழகியவர்கள் சொல்கிறார்கள். எழுத்தைக் கண்ணால் கற்றவர்கள் அதை மறக்கவே தனியாகப் பாடுபட வேண்டியிருக்கும்.

கையடக்க ரேடியோ தூங்கிக் கிடந்தால் அதற்கும் வேலை இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800இல் ஒலிபரப்பும், சில நாட்களில் மெல்லத் திரையில் விரியும் படங்களையும், சில நாட்களில் பள்ளி மாணவர்களோடு விண்வெளி வீரர்கள் பேசுவதையும் கேட்கலாம். அது தலைக்கு மேலே கடக்க 10 நிமிடம்போல ஆகும். நெருங்கும்போதும் விலகும்போதும் டாப்ளர் விளைவால் அலைவரிசை மூன்றரை கிலோ ஹெர்ட்ஸ் வரை தள்ளிப்போகும், ஆனால் எஃப்எம்மில் கேட்கப் பெரிய சிரமமில்லை. ரப்பர் ஆன்டெனாவை நிலையத்தை நோக்கி நீட்டாதீர்கள். அதன் நுனி பார்க்கும் திசையில்தான் அது மிகக் குறைவாகக் கேட்கும். பக்கவாட்டில் பிடித்து, மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாகப் பதிவேடு. பேசியதை மட்டுமல்லாமல் கேட்டதையும் எழுதுகிறேன்: அலைவரிசை, நேரம், யார், எவ்வளவு தெளிவு. ஒரு பருவம் முடிந்து புரட்டினால், எந்த மாதத்தில் எந்த மணிக்கு எந்தத் திசை திறக்கிறது என்பது உங்கள் ஆன்டெனாவுக்கென்றே எழுதிய அட்டவணையாக இருக்கும். நேரத்தை உள்ளூர்க் கணக்கில் எழுதாமல், உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதுங்கள். சுவரில் யுடிசிக்கென்றே ஒரு தனிக் கடிகாரம் மாட்டிவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவரின் பதிவும் உங்கள் பதிவும் நேரத்தில் பொருந்தாவிட்டால், தொடர்பு நடந்தது என்ற இணையவழி உறுதிப்படுத்தல் கிடைக்காது. நள்ளிரவை ஒட்டிப் பேசியிருந்தால் தேதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.